படையல் பீடி

ஆத்மநாதனின் வலது கால் பெருவிரலை எடுத்தபோதே டாக்டர் சொல்லிவிட்டார்: "ஒவ்வொரு இழுப்புக்கும் ரத்தக்குழாய் சுருங்கும். அடுத்து முழங்கால்தான்."

அன்றோடு பீடியை விட்டார். கீரமங்கலம் பூ மார்க்கெட்டில் முப்பது வருஷமாக மூட்டை தூக்குகிறவர். கால் போனால் பிழைப்பும் போயிற்று. முதல் வாரம் கை நடுங்கியது. மனைவி புவனேஸ்வரியின் மேல் செம்பு பறந்தது. ஆஸ்பத்திரியில் கொடுத்த நிகோடின் மிட்டாய் நடுக்கத்தை அடக்கியது. ஆனால் தொண்டைக்குள் யாராவது நகத்தால் சொறிந்துவிட மாட்டார்களா என்றிருந்தது. மிட்டாய்க்கு அந்த வேலை தெரியாது.

மூன்றாம் வாரம் மூக்கு திறந்தது. "இம்புட்டு வாசமாடி மல்லியப்பூ!" என்று சிரித்தவருக்கு அடுத்த நொடி எச்சில் ஊறியது. மூட்டையை இறக்கியதும் ஒரு பீடி என்று பழகிய உடம்பு. பூவையும் புகையையும் அது பிரித்து வைத்திருக்கவில்லை.

இருபத்தாறாம் நாள் அப்பாவுக்கு வருஷப் படையல். மல்லிகை மாலை போட்ட படம், இலையில் கறிக்குழம்பு, ஓரத்தில் அவர் குடித்த பீடி ஒரு கட்டு. மூத்த மகன் ஒன்றைப் பற்றவைத்து இலையில் வைக்க வேண்டும்.

ஆத்மநாதன் விளக்கில் நீட்டினார். நுனி கருகி அணைந்தது. இழுக்காமல் பீடியில் தீப் பிடிக்காது.

"நீங்க பத்தவைங்க, சித்தப்பா."

"மூத்தவன் நீ இருக்கையில நான் கொள்ளி வைக்கவா?" என்றார் பிச்சைமுத்து. "ஒரு வெரலு போனதுக்கே இம்புட்டுப் பவுசா!"

கூட்டம் சிரித்தது.

"நான் பத்தவைக்கிறேன், சின்ன மாமா. இவுகளுக்குக் கால் போயிரும்," என்று புவனேஸ்வரி முன்னே வந்தாள்.

"பொம்பள எச்சிய எங்கண்ணன் தொடமாட்டான். அங்கிட்டுப் போ."

ஆத்மநாதன் இழுத்தார். தொண்டையில் அந்த நகம் இறங்கியது. கண் சொருகியது. எல்லோரும் கைகூப்பிக் காத்திருந்தார்கள். பீடி இலைக்கு வரவில்லை. இரண்டாவது இழுப்பு. மூன்றாவது.

"போதும், வைங்க," என்று புவனேஸ்வரி கையைப் பிடித்தாள். தள்ளிவிட்டார். சுவரில் தலை இடித்து உட்கார்ந்தாள்.

"அப்பாவுக்கு இன்னும் திருப்தியாகல," என்றார்.

"அப்புடியே எங்கண்ணன்!" என்று பிச்சைமுத்து பூரித்தார். துண்டுப் பீடி இலைக்கு வந்தது. மீதிக் கட்டு ஆத்மநாதனின் மடிக்குப் போனது.

தை மாதம் முழங்காலோடு எடுத்தார்கள். பார்க்க வந்த பிச்சைமுத்து போர்வையின் பள்ளத்தைப் பார்த்தார். "என்னதான் சொல்லு, படையல்ல ஒரு கொறையும் வைக்கலப்பா நீ."

புவனேஸ்வரி தன் தலையிலிருந்த மல்லிகைச் சரத்தைப் பிடுங்கி ஜன்னலுக்கு வெளியே எறிந்தாள். ஆத்மநாதனின் மூக்கு அதற்குள் அந்த வாசத்தின் பக்கம் திரும்பியிருந்தது.