சும்மா நிற்கும் சேர்வர்

கொடகவெலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் வேலுசாமி இஞ்சின்காரர். பெக்டரியில் கரண்ட் நின்றால் டீசல் இஞ்சினை முடுக்கிவிடுவது அவர் வேலை. கரண்ட் நிற்காத நாளில் துடைப்பார், எண்ணெய் பார்ப்பார், காத்திருப்பார். அந்த நாட்களுக்குத் தோட்டத் துரை அரைப்பேர்தான் போட்டார். பாதி நாள் சம்பளம். மின்சார சபையை வாழ்த்தவும் முடியாமல் திட்டவும் முடியாமல் வேலுசாமி காலத்தை ஓட்டினார்.

மகள் கேஷானி படித்து, இரத்தினபுரியில் ஒரு தனியார் மருத்துவமனையின் கணினிப் பிரிவுக்குப் போனாள். அங்கேயும் ஏறக்குறைய அப்பாவின் வேலைதான் என்பது போன பிறகுதான் தெரிந்தது.

நோயாளிகளின் இரத்தப் பரிசோதனை, மருந்து, ஒவ்வாமை எல்லாம் ஒரு சேர்வர் கணினியில் இருந்தன. அதில் எழுதுவது எல்லாம் அந்தக் கணமே எம்பிலிப்பிட்டிய கிளையின் இரண்டாவது சேர்வரிலும் பதியும். முதலாவது பேச்சை நிறுத்தினால் இரண்டாவது தானாகப் பொறுப்பேற்கும். இடையில் இணைப்பு மட்டும் அறுந்து, இரண்டுமே ‘நான்தான் தலைவர்’ என்று நினைத்துவிட்டால் ஒரே நோயாளிக்கு இரண்டு விதமான பதிவு உண்டாகிவிடும். அதைத் தடுக்க வேறோரிடத்தில் ஒரு சின்ன இயந்திரம். அது எந்தப் பக்கம் சாட்சி சொல்கிறதோ அதுவே தலைவர். நமது தொழிற்சங்கங்கள் இந்த வசதியை இன்னும் வாங்கவில்லை.

மருத்துவமனை நிர்வாகி காளிதாஸ், பஜாரில் புடவைக்கடை வைத்திருந்த குடும்பம். சும்மா நிற்பவரைக் கண்டால் அவருக்குப் பொறுக்காது.

“மிஸ், எம்பிலிப்பிட்டியில ஒண்ணு சும்மா நிக்குதாமே?”

“சும்மா இல்ல சேர். காத்துக்கிட்டு இருக்குது.”

“கரண்ட் பில்லுக்கு ரெண்டும் ஒண்ணுதான். திங்கக்கிழமை கழட்டி பார்மசி பில்லு அடிக்கக் குடுத்துருவோம். ஹரித? சரிதானே?”

அதைக் கழற்றிவிட்டால், ஒரு மின்னலில் யாருக்குப் பென்சிலின் ஒத்துக்கொள்ளாது என்பது மருத்துவமனைக்கே மறந்துபோகும். இதை அவருக்கு அவள் எழுதி முடிப்பதற்குள் தோட்டத்திலிருந்து போன் வந்தது. வேலுசாமி போய்விட்டார்.

லயத்து வீடுகளில் சிக்னல் கிடையாது. தண்ணீர் டாங்கிக்கு ஏறினால்தான் உண்டு. ஆனாலும் அப்பாவின் தலைமாட்டில் இருந்தபடி கேஷானி போனையே புரட்டிக்கொண்டிருந்தாள். அத்தை இருளாயிக்குக் கோபம் வந்துவிட்டது.

“ஏன்டி, ஆஸ்பத்திரியே உன் கையிலதான் மூச்சு விடுதாக்கும்? போன வச்சிட்டு அப்பன் மொகத்தப் பாரு.”

“நான் இல்லாட்டியும் ஓடணும் அத்தை. அப்படித்தான் செஞ்சு வச்சிருக்கேன்.”

“அப்புறம் என்னத்துக்கு அதையே பாக்குற?”

கேஷானி போனை அரிசி டின்னுக்குள் போட்டு மூடினாள்.

சனிக்கிழமை இடியும் மழையுமாகப் பிடித்துக்கொண்டது. ஆண்கள் நனைந்தபடியே பாடையைத் தூக்கிப் போனார்கள். வீட்டைக் கழுவிவிட்டுக் கேஷானி போனை எடுத்துக்கொண்டு டாங்கிக்கு ஏறினாள். கீழே பெக்டரி இருண்டு கிடந்தது. கரண்ட் இல்லை; இஞ்சினை முடுக்கத் தெரிந்தவரைத்தான் தூக்கிப் போய்விட்டார்களே. போனில் செய்தி வந்து விழுந்தது: முதலாவது சேர்வர் நின்றுவிட்டது, இரண்டாவது ஏற்றுக்கொண்டது.

அதுவரை அழாதவள் ஈரச் சிமெந்தில் உட்கார்ந்து அழுதாள்.

கருமாதி வரை லீவு கேட்டிருக்கலாம். ஆனால் போனில் சொன்னால் காளிதாஸ் “ஹரி ஹரி” என்பார், கழற்றியும் விடுவார். திங்கட்கிழமை காலையிலேயே அவர் முன்னால் போய் நின்றாள்.

“அனே மிஸ், கேட்டு மனசே சங்கடமாப் போச்சு. ஆனா பாருங்க, நீங்க இல்லாமலும் ஒரு கோளாறும் வரல. அப்ப அந்த ரெண்டாவது எதுக்கு?”

“சேர், சனிக்கிழமை மின்னல்ல இங்க இருக்கிறது விழுந்துருச்சு. அன்னையில இருந்து எம்பிலிப்பிட்டியதான் ஓட்டுது.”

காளிதாஸ் ஒரு கணம்தான் தடுமாறினார்.

“அப்ப இங்க இருக்கிறதுதானே சும்மா நிக்குது? அதைக் குடுத்துருவோம்.”

கேஷானி தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: “எங்கப்பாவும் பெக்டரியில சும்மாத்தான் நின்னாரு சேர். அவருக்குப் பதிலா இன்னொரு ஆளைப் பழக்கல. அவர அடக்கம் பண்ணின அன்னைக்குக் கரண்ட் போச்சு. இஞ்சின முடுக்க ஆளில்லாம தேயிலைக் கொழுந்து பூரா கெட்டுப்போச்சு.”

காளிதாஸ் நிமிர்ந்தார். முகத்தில் உண்மையான துயரம்.

“பூராவுமா? எவ்வளவு கொழுந்து?”

அந்தக் கேள்விதான் இரண்டு சேர்வர்களையும் காப்பாற்றியது. கேஷானி கிலோக் கணக்கைச் சொன்னதும் அவர் கழற்றுகிற பேச்சையே விட்டார்; அவள் விழுந்ததை எழுப்பப் போனாள். இனிக் காத்திருப்பது அதன் முறை.