செருப்போடு வள்ளத்தில் ஏறாதவர்கள்

ஒரு பெண் கூட்டத்தில் சொன்னதை மறைத்து, 'நோயாளரும் பராமரிப்போரும் கலந்தாலோசிக்கப்பட்டனர். அனைவரும் உடன்பட்டனர்' என்று ஆய்வறிக்கையில் எழுதிக் கையெழுத்து வைத்தேன். அது பொய்.

அப்போது மன்னாரில் நீரிழிவு நோயாளரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கடற்றொழிலாளருக்கு மெத்தென்ற செருப்புக் கொடுத்தால் காற்புண் குறையுமா என்பது என் ஆய்வு. நோயாளரிடமும் கருத்துக் கேட்கவேண்டும் என்று நிதி தருபவர்கள் சொன்னதால் பள்ளிமுனையில் ஒரு கூட்டம் வைத்தேன். திட்டம் ஏற்கெனவே அச்சாகிவிட்டது.

இடது காலில் இரண்டு விரல்களை இழந்த ஒருவரின் மனைவி எழுந்தார்.

"டொக்டர், செருப்போட ஆர் வள்ளத்தில ஏறுறது? சோறு போடுற வள்ளம். கரையில கழட்டி வச்சிட்டுத்தான் ஏறுவினம். காயம் அங்கதானே படுது."

"மீனுக்கும் ஒரு சோடி குடுங்கோ டொக்டர்," என்றார் பின்னாலிருந்த ஒருவர். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டு, தேநீர் கொடுக்கச் சொன்னேன்.

சில மாதங்களில் அந்தப் பெண்ணின் கணவர் வலது காலில் அழுகிய புண்ணோடு வந்தார். பெருவிரலை எடுக்கவேண்டியதாயிற்று. அவருக்குக் கொடுத்த செருப்பு தேயவே இல்லை.

"ஞாயிறு பூசைக்கு மட்டுந்தான் போடுறவர்," என்றார் மனைவி. குறைகூறும் குரலில்லை. இனிக் கால்களாவது தப்புமா என்பதே அவருடைய கவலை.

அடுத்த ஞாயிறு, கடலுக்குப் போகாத நாளில், அவர்கள் வீட்டுக்குப் போய் நான் எழுதிய பொய்யை வாசித்துக் காட்டினேன். மனைவி ஒரு கதிரையை இழுத்துப் போட்டார்.

"இருங்கோ. இனி என்ன ஆராயப்போறியள்?"

"நீங்கள்தான் சொல்லவேணும், தங்கச்சி."

"இவருக்குக் காலில உணர்ச்சி இல்லை. முள்ளுக் குத்தினாலும் தெரியாது. கடலால வந்த உடன நல்ல தண்ணியில கழுவி, வீட்டில நாங்கள் காலைப் பாத்தா, புண்ணைச் சின்னனிலயே பிடிக்கலாமோ? அதைப் பாருங்கோ."

நிதி தருபவர்களுக்கு நடந்ததை எழுதினேன். செருப்பு ஆய்வை நிறுத்தினார்கள். என்னை ஆய்வுப் பொறுப்பிலிருந்தும் நீக்கினார்கள். அது நியாயம். வேறொரு மருத்துவர் அந்தப் பெண்ணின் கேள்வியை எடுத்துக்கொண்டார். திட்டம் எழுதும்போது அவர் பக்கத்தில் இருந்தார் அந்தப் பெண். காலையில் கிளினிக்குக்கு வாருங்கள் என்ற வரியை வெட்டச் சொன்னாராம்: வள்ளம் கரைசேரும் நேரம் அது.

பிறகொரு நாள் அந்தப் பெண் கணவரை என்னிடம் அழைத்துவந்து அவருடைய குதிக்காலைக் காட்டினார். சிப்பி கீறிய, அரிசியளவு காயம். இரண்டு கிழமையில் ஆறிவிட்டது. விரல்கள் மூன்று போனது போனதுதான். இரண்டு கால்களிலும் நின்று அவர் இன்னும் வள்ளம் தள்ளுகிறார், வெறுங்காலோடு.