மாட்டு மண்டையும் பூமாலையும்

எங்கள் எல்லையோர ஊரான நகரி மதராஸோடு சேருமா, ஆந்திராவிலேயே இருந்துவிடுமா என்று ஊரே பேசிக்கொண்டிருந்த காலம். முகம் தெரியாத ஆள் தெருவில் நின்று நாலு பக்கம் பார்த்தாலே, இவனை எந்தப் பக்கத்தார் அனுப்பினார்கள் என்று கேட்பார்கள். அந்தச் சமயத்தில்தான் அம்மாவின் தம்பி மதராஸிலிருந்து படம் வரையும் பலகையைத் தூக்கிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்து இறங்கினார்.

அவருக்குக் கட்டடப் படம் வரையும் வேலை. எங்கள் ஊர் நூல் வியாபாரி ஒருவர், தம் புது வீட்டுக்கு மதராஸ் பங்களாக்களைப் போல முகப்பு வேண்டும் என்று கேட்டிருந்தார். எங்கள் வீட்டுத் தறிக்குப் பக்கத்தில் பலகையைச் சாய்த்துவைத்து மாமா வரைந்தார். உயரமான தூண்கள், அவற்றின் தலையில் சுருண்டு விரியும் இலைகள், மேலே பெரிய முக்கோணம். நான் வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தேன். முக்கோணத்துக்குக் கீழே பூமாலைகளை வரிசையாகத் தொங்கவிட்டார். மாலைக்கு மாலை நடுவே, கொம்போடு ஒரு மாட்டு மண்டை ஓடு.

முதலில் பார்த்தவள் அப்பாவின் அக்கா, என் அத்தை. தண்ணீர்ச் சொம்பை அங்கேயே வைத்துவிட்டுப் போய் நைனாவைக் கூட்டிவந்தாள்.

“இன்னாப்பா இது? குடியிருக்கிற ஊட்டு வாசல்ல மண்ட ஓடு வெக்கிறியா?” என்றார் நைனா.

மாமா சிரித்தார். “ரோமாபுரிக் கோயில் வழக்கம் மாமா. பலி குடுத்த மாட்டுத் தலைக்கு மாலை போட்டு மாட்டுவாங்களாம். அதையே கல்லுல செதுக்கினாங்க. வெள்ளைக்காரன் கட்டடத்துல எல்லாம் இருக்குது.”

நைனாவின் காதில் பலி என்ற சொல் மட்டும்தான் விழுந்தது. அத்தை அன்று சாயங்காலமே வியாபாரி வீட்டுக்குப் போய்வந்தாள்.

மறுநாள் வியாபாரி வந்தார். அவர் மருமகளுக்கு நிறைமாதம். படத்தின் கிட்டே வராமல் தள்ளி நின்றே பார்த்தார்.

“அழிச்சுட்டுத் தாமரை போட்டுடறேங்க,” என்றார் மாமா, அப்போதும் சிரித்தபடி.

“காயிதத்துல அழிப்ப. என் மனசுல அழிப்பியா? வத்து பாபு, எனக்கு வேணாம்.”

மத்தியானம் தம்பிக்குச் சோறு போட்ட அம்மா, குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

“நெஜத்த சொல்லுடா. உன்ன மதராஸ்காரங்க யார்னா சொல்லி அனுப்பிச்சாங்களா?”

மாமா சோற்றிலிருந்து கையை எடுத்தார். எழுந்துபோய்க் கழுவிக்கொண்டு, படத்தைச் சுருட்டினார்.

“துன்னுட்டுப் போடா,” என்று அம்மா வாசல்வரை ஓடினாள். அவர் ஸ்டேஷன் பக்கம் நடந்துவிட்டார். அதற்கப்புறம் எங்கள் வீட்டுப் படி ஏறவேயில்லை.

வேலை போன கோபம் என்றுதான் நான் நினைத்தேன். மற்றவர்களுக்கெல்லாம் சிரித்துச் சிரித்துப் பதில் சொன்னவர், கூடப்பிறந்த அக்கா கேட்டதற்கு மட்டும் ஏன் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை என்பது அந்த வயதில் எனக்கு விளங்கவில்லை.