பிறந்த வீட்டுக் கோடி

இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு ஒன்றும் தெரியாது என்று சொல்கிற கட்சிக்கு நான் பல வருடங்கள் தலைவராகவே இருந்தேன். மேற்குத் தாம்பரத்தில் எங்கள் காலனிப் பூங்காவில் காலையில் நடக்கிற ஓய்வுபெற்றவர்கள் அத்தனை பேரும் அந்தக் கட்சிதான். ஒருவர் பேரனுக்கு வாய்ப்பாடு தெரியாது. இன்னொருவர் பேத்திக்கு நட்ட நடு ஊரில் நின்றாலும் எது கிழக்கு என்று தெரியாது. என் பங்குக்கு நான் என் மகனைக் கொண்டுபோய் நிறுத்துவேன். பிறந்து வளர்ந்த ஊரில், கிழக்குத் தாம்பரத்துக்குப் போக சுரங்கப்பாதையில் இறங்க வேண்டும் என்பதற்குக்கூடப் போனில் வழி கேட்கிறான் என்பேன். எல்லோரும் சிரிப்பார்கள். அதோடு அன்றைய நடை முடியும்.

அவனிடம் நேரிலும் சொல்வேன். எனக்கு மறைத்துப் பேசத் தெரியாது. “தெரிஞ்சு வச்சுக்கிட்டு என்னப்பா பண்ணப் போறேன்? வேணும்னா அப்பப் பார்த்துக்கலாம்” என்பான். அந்த ‘அப்பப் பார்த்துக்கலாம்’ என்ற சொல்லைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

எங்கள் வீட்டில் இந்தச் சண்டையைக் காதிலேயே போட்டுக்கொள்ளாத ஒரே ஆள் என் அம்மா. எண்பதைத் தாண்டியவள். அவளுக்கு உடன்பிறந்தவர் ஒரே ஒரு தம்பி. என் தாய்மாமா. பெருங்களத்தூரில் இருக்கிறார். சனிக்கிழமை தவறாமல் பஸ் ஏறித் தாம்பரத்தில் இறங்கி, மார்க்கெட்டில் அக்காவுக்கு வெற்றிலை வாங்கிக்கொண்டு நடந்தே வந்துவிடுவார். அம்மாவுக்குப் பல் எல்லாம் போய்விட்டது. வெற்றிலை மட்டும் போகவில்லை. சின்ன உரலில் இடித்துப் போட்டுக்கொள்வாள். இரண்டு பேரும் பெரிதாக ஒன்றும் பேசிக்கொள்ள மாட்டார்கள். அவர் பேப்பர் படிப்பார், இவள் வெற்றிலை இடிப்பாள். சாப்பிட்டுவிட்டு அவர் கிளம்பும்போது அம்மா தவறாமல் ஒன்று சொல்வாள்.

“டேய், நான் போறப்ப உன் கையால கோடி வந்து விழணும். இல்லேன்னா நான் வாசலைத் தாண்ட மாட்டேன், சொல்லிட்டேன்.”

“நீ முதல்ல என்னை அனுப்பி வச்சுட்டு அப்புறம் போ” என்பார் மாமா.

கட்டிக்கொடுத்த பெண் இறந்தால் அவள் பிறந்த வீட்டிலிருந்து ஒரு புதுப்புடவை வர வேண்டும். அதை அந்த வீட்டு ஆள் தன் கையால் உடம்பின் மேல் போர்த்த வேண்டும். அதுதான் கோடி. அது வந்த பிறகுதான் தூக்குவார்கள். அறுபது வருடத்துக்கு மேல் எங்கள் வீட்டிலேயே வாழ்ந்தும், தான் இன்னாருடைய அக்கா என்பதை அம்மா கடைசியாக ஒருமுறை ஊரறியச் சொல்லிவிட்டுப் போக ஆசைப்பட்டாள் என்று நினைக்கிறேன். அவள் வேறு எதற்கும் ஆசைப்பட்டு நான் பார்த்ததில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை காலை காபி கொடுக்க எழுப்பினேன். எழவில்லை.

அதன் பிறகு நான் அவள் காலடியில் உட்கார்ந்ததுதான். எல்லாவற்றையும் மகன்தான் பார்த்தான். டாக்டரை வரவழைத்துச் சான்றிதழ் வாங்கினான். ஐஸ் பெட்டி வந்தது. பந்தல் வந்தது, நாற்காலி வந்தது, மின் மயானத்தில் மூன்று மணிக்கு நேரம் வாங்கியாயிற்று என்றான். எல்லாமே அந்தப் போனில்தான். என் அப்பா இறந்தபோது இதே காரியங்களுக்கு ஊரே சைக்கிளில் அலைந்தது எனக்கு ஞாபகம் இருக்கிறது. இவனுக்கா ஒன்றும் தெரியாது என்று சொல்லித் திரிந்தோம் என்று அந்தத் துக்கத்திலும் எனக்குக் கொஞ்சம் பெருமையாகவே இருந்தது.

“சொல்ல வேண்டியவங்களுக்கு எல்லாம் சொல்லியாச்சாடா?” என்றேன்.

“உங்க போன்ல இருந்த நம்பருக்கெல்லாம் வாட்ஸ்அப்ல போட்டுட்டேன்பா. லொகேஷனும் அனுப்பிட்டேன்.”

மாமாவுக்கு நான்தான் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தெரியும். போன் செய்தேன். இரண்டு முறை மணி அடித்ததும் துண்டிக்கப்பட்டது. உடனே ஆங்கிலத்தில் ஒரு வரி வந்தது: இப்போது பேச முடியாது, பிறகு அழைக்கிறேன் என்று. எனக்குக் குப்பென்று கோபம் ஏறியது. அக்கா செத்துக் கிடக்கும்போது அப்படி என்ன வேலை? மகனிடம் காட்டினேன். அவன் தன் போனில் தேடிப் பார்த்துவிட்டு, “மாமா தாத்தாவுக்குத் தெரியும்பா. மெசேஜைப் பார்த்துட்டார், ரிப்ளையும் பண்ணியிருக்காரே” என்று நீட்டினான். அவன் அனுப்பிய செய்திக்குக் கீழே கும்பிடும் கைகள் மூன்று இருந்தன. பக்கத்தில் ஒரு பூ.

சரி, தெரிந்துவிட்டது, புடவை எடுத்துக்கொண்டு வந்துகொண்டிருப்பார் என்று காத்திருந்தோம். தொடர் விடுமுறைக்கு முந்தைய நாள். ஊருக்குப் போகிற கூட்டமெல்லாம் பெருங்களத்தூரில்தான் நிற்கும், ஜிஎஸ்டி ரோட்டில் வண்டி நகராது, அதில் மாட்டியிருப்பார் என்று வந்தவர்கள் சொன்னார்கள். பன்னிரண்டு மணி ஆயிற்று, ஒரு மணியும் ஆயிற்று. எதிர்வீட்டு டீச்சரம்மா மெதுவாக, “யாராவது ஒருத்தர் பைக்ல போய்ப் பார்த்துட்டு வரட்டுமே சார்” என்றார்.

“வெற்றிலை பாக்கு வச்சுக் கூப்பிடணுமா? பார்த்தாச்சு, பதிலும் போட்டாச்சு. வர மனசிருந்தா வரட்டும்” என்றேன். என் வாய் அப்படி.

இரண்டு மணிக்குச் சடங்கு செய்ய வந்தவர் கேட்டார். “இன்னா சார், பொறந்த வூட்டுக் கோடி வந்துச்சா? வண்டி வந்து நிக்குது.”

மகன் என் முகத்தைப் பார்த்தான். அப்படி ஒன்று இருப்பதே அவனுக்கு அப்போதுதான் தெரியும். பாட்டி சனிக்கிழமை தோறும் சொன்னதை எல்லாம் அவன் காதில் எதையோ மாட்டிக்கொண்டு கடந்து போயிருக்கிறான். விஷயத்தைச் சொன்னதும், “புடவைதானேப்பா? இருங்க” என்றான். கொஞ்ச நேரத்தில் வாசலில் ஒரு பைக் வந்து நின்றது. ஹெல்மெட்டைக் கழற்றாமலே ஒரு இளைஞர் பிளாஸ்டிக் பையை நீட்டி, “ஓடிபி சொல்லுங்க ப்ரோ” என்றார். பிறகுதான் ஐஸ் பெட்டியைப் பார்த்தார் போலிருக்கிறது. ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு ஓரமாக நின்றார்.

சடங்குக்காரர் அந்தப் பையைப் பார்த்தார். “கடைல யார் வாங்குனா இன்னா சார். பொறந்த வூட்டு ஆளு கை பட்டு விழணும். ஒருத்தரும் வர்லியா?”

“வரலை” என்றேன்.

“அப்ப இன்னா பண்றது. நீங்களே போட்டுடுங்க.”

நான்தான் போட்டேன். புடவையின் மடிப்பில் விலைச்சீட்டு இருந்தது, மகன் குனிந்து பிய்த்து எடுத்தான். அம்மா வாசலைத் தாண்டினாள்.

மறுநாள் காலை நானும் மகனும் அஸ்தியை வாங்கிக்கொண்டு வந்து குளித்துவிட்டு வெளியே நின்றோம். பந்தலை அவிழ்த்துக்கொண்டிருந்தார்கள். நாற்காலிகளை அடுக்கி வண்டியில் ஏற்றுகிற சத்தத்தில் கேட் திறந்தது கேட்கவில்லை. திரும்பினால் மாமா நிற்கிறார். சனிக்கிழமை. வெள்ளை வேட்டி, தோளில் துணிப்பை, கையில் வாழை இலையில் கட்டிய வெற்றிலை.

“என்னடா, வீட்ல விசேஷமா? எனக்கு ஒரு வார்த்தை சொல்லலை பாத்தியா” என்றார். பாதி கோபமும் பாதி சிரிப்பும். என் மழித்த தலையை அவர் இன்னும் சரியாகப் பார்க்கவில்லை. பந்தல்காரர்களைப் பார்த்துக்கொண்டே சொன்னார். நான் வாயைத் திறப்பதற்குள், “அக்கா” என்று கூப்பிட்டுக்கொண்டே உள்ளே போய்விட்டார்.

அம்மாவின் கட்டிலைச் சுவரோடு நிமிர்த்திச் சாத்தியிருந்தோம். கட்டில் இருந்த இடத்தில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

அவர் தரையில் உட்கார்ந்துவிட்டார். தோள் பையை இறக்கி வைத்துவிட்டுச் சொன்னார். அவருடைய போன் நேற்று முழுவதும் பேத்தியிடம் இருந்ததாம். மாமாவோடு தங்கிப் பொத்தேரியில் கல்லூரிக்குப் போகிற பெண். அவளுடைய போன் ரிப்பேருக்குப் போயிருந்ததால் தாத்தாவுடையதை எடுத்துப் போயிருக்கிறாள். “சாயங்காலம் வந்து சொல்லிச்சு, அக்கா வீட்லேர்ந்து போன் வந்துச்சு தாத்தான்னு. நாளைக்குத்தான் போறோமே, நேர்லயே பேசிக்கலாம்னு விட்டுட்டேன்டா.”

அந்தப் பெண் பிறகொரு நாள் வந்து அழுதாள். வகுப்பில் இருந்ததால் என் அழைப்பைத் துண்டித்திருக்கிறாள்; அந்த ஆங்கில வரி போன் தானாகவே வைத்திருப்பது, தொட்டால் கூப்பிட்டவருக்குப் போய்விடும். மகன் அனுப்பிய செய்தியில் ‘என் அன்புப் பாட்டி காலமானார்’ என்று ஆங்கிலத்தில் இருந்ததே தவிர, யாருடைய பாட்டி என்று இல்லை. அவன் எண் தாத்தா போனில் பதிவாகியிருக்கவும் இல்லை. “யாரோ தெரிஞ்சவங்க பாட்டி போலன்னு நினைச்சேன் அங்கிள். பதில் போடலைன்னா தப்பாயிடுமேன்னு கை மட்டும் போட்டேன்.” அங்கிள் என்றாள். முறைப்படி நான் அவளுக்கு மாமா.

அவளைத் திட்ட வேண்டும் என்று முதலில் வந்தது. பிறகு யோசித்துப் பார்த்தேன். மாமாவுக்கு ஆங்கிலம் தெரியாது என்பது எனக்குத் தெரியும். அவர் ஆயுளில் போனில் ஒரு எழுத்து தட்டியதில்லை என்பதும் தெரியும். அவர் எப்படிப்பட்ட தம்பி என்பது எல்லாவற்றையும்விட நன்றாகத் தெரியும். பிள்ளைகளுக்குத் தெரியவில்லை, சரி. இத்தனையும் தெரிந்த நான் அந்த மூன்று கைகளை நம்பினேன். இப்போது பூங்காவில் அந்தப் பேச்சு வந்தால் நான் ஒரு சுற்று முன்னாலேயே வீட்டுக்கு வந்துவிடுகிறேன்.

அந்தச் சனிக்கிழமை மாமா என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அப்படிச் சொல்லியிருந்தால் தேவலையாக இருந்திருக்கும். வெற்றிலையை விளக்கின் முன்னால் வைத்தார். பிறகு கேட்டார்.

“கோடி யாருடா போட்டது?”

மகன்தான் பக்கத்தில் போய் உட்கார்ந்தான். “நாங்களே ஆர்டர் பண்ணிட்டோம் தாத்தா.”

“நல்ல புடவையா?”

அவனுக்கு அழுகை வந்துவிட்டது. போனை எடுத்து, வாங்கிய புடவையின் படத்தைத் தேடி அவரிடம் கொடுத்தான். வெளிர்பச்சை, அரக்குக் கரை. மாமா இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். துணி எப்படி என்று பார்ப்பவர் போல, கரையின் மேல் விரலை வைத்துத் தடவினார். விரல் பட்டதும் படம் நகர்ந்தது. அந்த இடத்தில் வேறொரு புடவை வந்தது. அதையும் தடவினார். அதுவும் நகர்ந்து மஞ்சளில் ஒன்று வந்தது.

அவர் நிமிர்ந்து எங்கள் இரண்டு பேரையும் பார்த்தார்.

“இதுல எதுடா அக்கா கட்டிக்கிட்டுப் போனது?”