எட்டாவது கயிறு

"ஏழு பேரை வச்சுப் பின்னல் போட முடியாதுடி. ஒருத்தி ஒக்காரணும்."

"நான் ஒக்கார மாட்டேன்க்கா."

"பின்னே யாரு ஒக்காருவா? ஒன் ஜோடிதான காய்ச்சல்ல படுத்திருக்கா?"

"அவ படுத்தா நானும் படுக்கணுமா?"

மற்றவர்கள் சிரித்தார்கள். எங்களுக்குக் கோலாட்டம் பழக்கிய அன்னக்கொடி அக்கா சிரிக்கவில்லை. "பொங்கலுக்கு நாலு நாள்தான் கிடக்கு, ஜெயக்கொடி. பாண்டியம்மா வரலைன்னா ஒங்க ரெண்டு பேரையும் எடுத்துட்டு ஆறு பேரா ஆடிருவோம்."



இதில் ஒரு சொல்கூட நான் கூட்டிச் சொல்லவில்லை. 1982 ஜனவரி 10, ஞாயிற்றுக்கிழமை. மதுரைக்குப் பக்கத்துப் பரவையில் பூட்டிக் கிடந்த ஒரு ரைஸ்மில்லின் நெல் களம். என் கைக்கடிகாரத்தில் மணி 6.20.

அப்போது எனக்குப் பதினெட்டு வயது. நூலகத்தில் எடுக்கும் மொழிபெயர்ப்பு நாவல்களில், பனி பெய்யும் ஊர்களில், பெரிய மாளிகைகளில் ஆணும் பெண்ணும் ஜோடியாக ஆடுவார்கள். அந்தப் பக்கங்களை மட்டும் இரண்டு முறை படிப்பேன். பரவையில் எனக்குக் கிடைத்த ஒரே ஜோடி ஆட்டம் இதுதான்.

களத்தின் நடுவே ஓர் இரும்புக் கம்பம். உச்சியிலிருந்து எட்டுக் கயிறுகள் தொங்கும். இடது கையில் கயிறு, வலது கையில் கோல். நாலு பேர் இந்தப் பக்கம், நாலு பேர் அந்தப் பக்கம் சுற்றுவோம். ஜோடி எதிரே வரும்போது கோலோடு கோல் தட்ட வேண்டும். கயிறுகள் சடைபோலப் பின்னிக்கொள்ளும். பிறகு தலைகீழாக ஆடிப் பிரிக்க வேண்டும்.

ஒரு வழக்கம் உண்டு. ஆளில்லாத கயிற்றைச் சும்மா தொங்கவிடக் கூடாது. கம்பத்தோடு சேர்த்துக் கட்டிவிட வேண்டும்.

அக்கா அதைக் கட்டப் போனாள். நான் தடுத்தேன்.

"கட்டாதீங்கக்கா. அவ வந்தாலும் வருவா."

கட்டிவிட்டால் என் இடமும் போய்விடும் என்று பயம். அவ்வளவுதான். அந்தப் பிழையைச் செய்தவள் நான்.

அவள் வரும்வரை ஏழு பேரும் பின்னாமல் சும்மா சுற்றிப் பழகினோம். 6.41-க்குக் கரண்ட் போனது.

"நிறுத்தாதீங்க. பொங்கலன்னைக்கும்தான் கரண்டு போகும்" என்றாள் அக்கா. கை தட்டி எண்ண ஆரம்பித்தாள். முகம் தெரியவில்லை. உருவங்கள் மட்டும்.

எதிரே ஒரு கோல் வந்தது.

டக்.

பாண்டியம்மாள் வந்துவிட்டாள் என்று நினைத்தேன். அடுத்த சுற்று. டக். அதற்கடுத்தது. டக்... எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. பயத்தால் அல்ல. அப்படி ஒரு சந்தோஷம். பாண்டியம்மாளின் கோலை நான் எப்போதும் தேடித்தான் தட்டுவேன். இந்தக் கோலைத் தேடவே வேண்டியிருக்கவில்லை. என் மணிக்கட்டு திரும்பும் முன்பே அது அங்கே இருந்தது. நான் வேகம் கூட்டினால் கூட்டியது. குறும்பாக ஒரு தட்டைத் தாமதித்தேன். அதுவும் தாமதித்தது. ஒரே ஆள் இரண்டு உடம்பில் ஆடுவது போல... என்னை அறியாமல் சிரித்தேன்.

"ஏ ஜெயக்கொடி! இன்னைக்குத்தான்டி ஆடுற! ஒன்ன எடுக்க மாட்டேன் போ!" என்று இருட்டில் அக்கா கத்தினாள்.

அப்போதுதான் ஒன்று உறைத்தது. எல்லோருக்கும் மூச்சு வாங்கியது. எதிரே வருபவளிடம் மூச்சுச் சத்தமே இல்லை.

பாண்டியம்மாள் கொலுசு போடுவாள். கொலுசுச் சத்தமும் இல்லை.

"பாண்டியம்மா?" என்றேன்.

டக்.

"ஏ... பாண்டியம்மா?"

டக்.

கோல் வழியாகக் குளிர் ஏறியது. கிணற்றுத் தண்ணீரில் கை விட்டது போல. முழங்கை வரை.

"பிரிங்க!" என்றாள் அக்கா. தலைகீழாக ஆடினோம். அவளும் பிசகாமல் ஆடினாள். பின்னல் முழுக்கப் பிரிந்தது. எல்லோரும் கயிற்றை விட்டுவிட்டுத் தண்ணீர்ப் பானைக்கு ஓடினார்கள்.

நானும் விட்டேன்.

7.04-க்குக் கரண்ட் வந்தது.

ஏழு கயிறுகள் கம்பத்தை ஒட்டித் தொங்கின.

எட்டாவது தொங்கவில்லை.

என் பக்கமாகச் சாய்ந்து... விறைத்து நின்றது. யாரோ பிடித்து இழுப்பது போல.

பிடித்திருக்க யாரும் இல்லை.

நான் கத்தினேன். கயிறு தளர்ந்து விழுந்தது. எல்லோரும் திரும்பிப் பார்த்தபோது அது கம்பத்தோடு ஆடிக்கொண்டிருந்தது. அவ்வளவுதான்.

"நீ கூட்டியாந்த புள்ள எங்கடி? அம்புட்டு நல்லா ஆடுனாளே?" என்று அக்கா கேட்டாள்.

நான் யாரையும் கூட்டி வரவில்லை.

மறுநாள் காலை 8.20. எங்கள் வீட்டு வாசலில் ஒரு பெண் நின்றாள். மில் வாட்ச்மேன் காசிமாயனின் மனைவி. அம்மா மாட்டுக்குத் தண்ணி காட்டக் கொல்லைக்குப் போயிருந்தாள். அந்தப் பெண் என் கைகளையே பார்த்தாள்.

"நேத்து முத்துத்தாய்கூட ஆடுனது நீதானா தாயி?"

"யாரு முத்துத்தாய்?"

"எம் மக. அவ செத்து மூணு வருசமாச்சு. இதே மார்கழிதான். ஜோடிப்புள்ள வருவான்னு களத்துல ஒத்தையில நின்னா. இருட்டுல பூச்சி தொட்டிருச்சு." பாம்பை இங்கே பூச்சி என்றுதான் சொல்வார்கள்.

அவளே தொடர்ந்தாள்.

"அன்னைலருந்து ராத்திரி களம் காலியானா கம்பத்துல கோல் தட்டுற சத்தம். ஒத்தக் கோலு. விடியிற வரைக்கும் நிக்காது. அவுகளும் நானும் காதப் பொத்திக்கிட்டுத்தான் கிடப்போம். நேத்துதான் ரெண்டு கோலு கேட்டுச்சு. நீங்க போன பின்னாடி... சத்தமே இல்ல தாயி. மூணு வருசத்துல நேத்துதான் நாங்க தூங்குனோம்."

அவள் என் வலது கையைப் பிடித்தாள். முழங்கை வரை அந்தக் குளிர் இன்னும் இருந்தது.

"இன்னைக்கும் வாரியா தாயி? ஒரே ஒரு ஆட்டம்?"