இரைச்சல் அடங்கும் திசை

எங்கள் சபையில் போதகர் தாழ்ந்த குரலில் ஜெபிக்கும்போது நான் பின்னணியில் கிட்டார் வாசிப்பேன். அந்த நேரம் பார்த்து ஸ்பீக்கரில் வண்டு மாதிரி ஓர் இரைச்சல் கேட்கும். கம்பியின் அதிர்வைப் பிடிக்கிற சிங்கிள் காயில் பிக்கப்பின் குணம் அது. அதை மாற்றிவிடத் தக்கலையில் கிட்டார் பழுதுபார்க்கும் ஒரு பெண்ணிடம் போனேன்.

அவருக்கு முப்பது வயதிருக்கும். விரல்களில் ஈயம் பட்டுச் சுட்ட புள்ளிகள். எதைக் கேட்டுப் பார்ப்பதென்றாலும் இடது காதைப் பொத்திக்கொள்வார்.

"இரையாத பிக்கப் போட்டுத் தாங்க" என்றேன்.

"போடலாம் சார். இரைச்சல் போவும். கூடவே இந்தக் கணீரும் கொஞ்சம் கொறையும்" என்று மெல்லிய கம்பியைச் சுண்டினார்.

எனக்கு அந்தக் கணீர்தான் உயிர்.

"ஜெபத்துல எந்தப் பக்கம் பாத்து நிப்பிய?"

"சனங்களைப் பார்த்து."

கிட்டாரைக் கடை ஸ்பீக்கரில் இணைத்து, அதோடு என்னை மெல்லத் திரும்பச் சொன்னார். சுவரைப் பார்த்தபோது இரைச்சல் அடங்கிவிட்டது.

"சபையிலயும் திரும்பிப் பாருங்க. அடங்குற திசை ஒண்ணு இருக்கும்."

"சனங்களுக்கு முதுகு காட்டியா?"

"எங்க சபையில ஆறு வருசமா நான் அப்படித்தான் வாசிக்கேன். வாசிக்கது யாருன்னு பல பேருக்கு இன்னும் தெரியாது."

பழைய பிக்கப்போடு வீடு வந்தேன்.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் ஜன்னலைப் பார்த்து நின்று வாசிக்கிறேன். இரைச்சல் இல்லை. ஆனால் பாட்டுக்கு இரண்டு தடவையாவது, யாராவது என்னைப் பார்க்கிறார்களா என்று தலை தானாகத் திரும்புகிறது. அவர் எப்படி ஆறு வருடம் திரும்பாமல் நின்றார்?