மேற்குச் சுவரின் உப்பு

மஜீட் மேசன் காலையில் வந்ததும் முதலில் சுவரை ருசி பார்ப்பார். சைக்கிளை வேலியோடு சாத்துவார். காத்தான்குடியில் தன் வீட்டில் நிரப்பிக்கொண்டு வந்த தண்ணீர்ப் போத்தலைத் திறந்து, இடது கைச் சின்ன விரலை மட்டும் கழுவுவார். மற்ற விரல்கள் சுண்ணாம்பு அரித்துத் தடித்துப்போனவை. ஈரமான அந்த விரலைச் சுவரில் முழங்கால் உயரத்தில் வைத்து, பத்து எண்ணும் நேரம் அசையாமல் நிற்பார். பிறகு விரல் நாக்கின் நுனிக்குப் போகும். அப்போதும் கண்ணை மூடமாட்டார். சுவரைப் பார்த்தபடியே இருப்பார். பக்கத்தில் துப்பிவிட்டு, காதில் செருகியிருக்கும் கரித்துண்டை எடுத்து அந்த இடத்தில் கோடு போடுவார். ஒரு கோடு என்றால் உப்பு கொஞ்சம். மூன்று கோடு என்றால் அந்தச் சுவருக்கு அன்றைக்குச் சுண்ணாம்பு இல்லை.

மேற்குச் சுவருக்கு எப்போதும் மூன்று கோடுகள்தான்.

கல்லடியில் இருக்கிற அந்த வாசிகசாலையைத் திறந்து பூட்டுகிறவன் நான். பத்திரிகைகளை அடுக்குவேன், புத்தகங்களுக்கு இலக்கம் ஒட்டுவேன், ஆள் இல்லாத நேரத்தில் கவிதை வாசிப்பேன். ஆட்களோடு கதைப்பதை விட அவர்களைப் பார்த்துக்கொண்டிருப்பது எனக்கு இலகு. அப்படித்தான், அண்ணன் முறை வைத்து நாங்கள் காக்கா என்று கூப்பிடுகிற மஜீட் மேசனையும் ஆறு மாதம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கட்டடம் நூறு வருடத்துக்கு மேல் பழையது. ஒரு டாக்குத்தர் தனக்குக் கட்டிய வீடு. பிள்ளைகள் வெளிநாடு போனபின் ஊர்ச் சங்கத்துக்குக் கொடுத்துவிட்டார்கள். முன்னால் மண்டபம், பின்னால் வாவியைப் பார்த்த மேற்கு அறை. செங்கல்லைச் சுண்ணாம்புச் சாந்தில் வைத்துக் கட்டிய தடித்த சுவர்கள். சுனாமி அன்று கடல் கிழக்கால் வந்து இந்த வீட்டுக்குள்ளால் வாவிக்குப் போனது. வீடு மட்டும் நின்றது. அடுத்த சில மாதங்களில் உதவிக்கு வந்தவர்கள் சுவரெல்லாம் சீமெந்து பூசி, வெள்ளையடித்துக் கொடுத்தார்கள். இருபது வருடத்துக்குப் பிறகு அந்தச் சீமெந்து பொருக்குப் பொருக்காகக் கழன்றது. ஆணி அடித்தால் இரண்டு நாளில் தானாக விழுந்துவிடும்.

சங்கம் ஆள் தேடவில்லை. ஆனி மாதம் ஒரு நாள் மஜீட் காக்கா தானாகவே வந்து, செயலாளர் நல்லரத்தினம் சேரைக் கண்டு, சீமெந்தை வெட்டி எடுத்துவிட்டுச் சுண்ணாம்பு பூசினால்தான் கட்டடம் நிற்கும் என்றார். சேர் ஓய்வுபெற்ற ஆசிரியர். வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு கேட்டார்.

"பரம்பரைத் தொழிலோ மேசன்?"

"எங்கட பரம்பரை நெசவு சேர். நான் இதப் படிச்சது ஓமான்ல, ஒரு பழைய கோட்டை வேலைக்குப் போய். படிப்பிச்சவன் பாகிஸ்தான்காரன். சாந்து பிழைச்சா வாளியோட தலையில கவிழ்ப்பான்."

"சுண்ணாம்பு படிக்கவும் கல்ஃபுக்குப் போக வேணுமோ?"

"வெத்திலைக்குப் போடுற சுண்ணாம்புக்குத் தேவல்ல சேர்."

சேர் சிரித்துவிட்டார். வேலை அன்றே தொடங்கியது.

நீற்றிய சுண்ணாம்பை நீலப் பிளாஸ்டிக் பரல்களில் தண்ணீருக்குக் கீழே கிடக்கவிட்டார். அது தயிர் போல இறுகும் வரை கிழக்குச் சுவரிலும் மண்டபச் சுவர்களிலும் உளி வைத்துச் சீமெந்தைக் கழற்றினார். கழன்ற இடத்தில் நனைத்த களிமண்ணை அப்பி, காயவிட்டு, உப்போடு சேர்த்து உரித்தெடுத்தார். திரும்ப அப்பினார். மூன்று கோடு இரண்டாகி ஒன்றான பிறகுதான் சுண்ணாம்பு. மெல்லிய பூச்சு, அதன் மேல் நனைத்த சாக்குகள் தொங்கும். வெயில் அதை அவசரப்படுத்தக் கூடாதாம். ஐப்பசி பிறக்கும்போது மண்டபச் சுவர்கள் கையால் தடவினால் முட்டை ஓடு போல இருந்தன.

பகல் சோற்றை அவர் தனியாகத்தான் சாப்பிடுவார். ஒரு சுவரிலும் முதுகு சாய்க்கமாட்டார். சுவரைப் பார்த்துக்கொண்டு, அதிலிருந்து பத்தடி தள்ளி உட்காருவார். ஏன் என்று நான் கேட்கவில்லை. பார்த்துக்கொண்டிருந்ததைக் கண்டு அவராகச் சொன்னார்.

"ஓமான்ல ஒரு கோபுரம் விழுந்திச்சு தம்பி. அடியில ரெண்டு பேர் சோறு திண்டுகிட்டு இரிந்தாங்க. அதுக்கும் முந்தி ஆரோ சீமெந்து பூசி இரிந்திச்சு. முதல் நாள் சுவருக்குள்ள மணல் சிந்திற சத்தம் கேட்டிச்சு. நாங்க எலி எண்டு விட்டுட்டம்."

மேற்குச் சுவரைக் கடைசியாக வைத்திருந்தார். நெஞ்சு உயரத்தில் ஒரு பட்டையாகச் சீமெந்தைக் கழற்றியபோது, உள்ளே செங்கல்லில் மண்ணிறமாக ஒரு கோடு தெரிந்தது. சுவர் முழுக்க, சற்றே சரிந்து, நீளமாக ஓடிய கோடு. சுனாமித் தண்ணீர் நின்ற உயரம். அதற்குக் கீழே ஓரிடத்தில் உளியை வைத்தார். அடிக்கவே இல்லை, உளி தானாக உள்ளே போனது. செங்கல் நனைந்த கேக் மாதிரி விரலோடு வந்தது. அவர் உளியை மெதுவாக இழுத்து எடுத்து, அந்த ஓட்டையை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார்.

அன்று மாலை நல்லரத்தினம் சேர் வந்தார். அந்தக் கோட்டுக்கு முன்னால் போய் நின்றார். அவருடைய மனைவி சீதேவி சுனாமியில் போனவர்.

மஜீட் காக்கா மெதுவாகத்தான் சொன்னார். "சேர், கீழ எல்லாம் உப்பு திண்டு முடிச்சிட்டு. கூரைக்கு முட்டுக் குடுத்து, மாசி வரைக்கும் இதத் திறந்து விடணும். அதுக்குப் பிறகு அடியில இரிந்து புதுசாக் கட்டலாம். அது வரைக்கும் இந்த அறையில ஆரும் இரிக்கப்படா."

"மார்கழி இருபத்தாறு, சுனாமி வந்து இருபதாம் வருசம். சனம் இஞ்சதான் விளக்கேத்த வரும். இந்த அடையாளத்தையா காட்டுறது?"

"காட்டினா என்ன சேர்?"

சேர் திரும்பிப் போய்விட்டார்.

கார்த்திகையில் மஜீட் காக்காவின் மாமி மௌத்தாகி, சாவீட்டில் நின்றதால் அவர் மூன்று நாள் வரவில்லை. அந்த மூன்று நாளில் சேர் வேறு மேசன்மாரைக் கொண்டு வந்தார். திறந்த பட்டையைச் சீமெந்தால் மூடி, சுவர் முழுக்க இளமஞ்சள் பெயின்ற் அடித்தார்கள். நான்காம் நாள் மஜீட் காக்கா அறை வாசலில் நின்றார்.

"ஆரு தம்பி மூடின?"

"சேர் ஆக்களைக் கொண்டு வந்தவர்."

"நீ பாத்துக்கிட்டு இரிந்த?"

நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

சேர் வந்ததும் முற்றத்தில் இருவருக்கும் வாய்த்தர்க்கம்.

"சட்டை நனைஞ்சா வெயில்ல காயும் சேர். றெயின்கோட்டுக்குள்ள தண்ணி பூந்தா எங்க போற? இப்ப அங்க நிக்கிறது சுவர் இல்ல. வெளிய இரிக்கிற சீமெந்துதான் நிக்கிது."

"இருபது வருசம் நிண்டது இன்னும் ஒரு மாசம் நிக்காதோ?"

"நிக்கலாம். நீங்களும் நானும் அதுக்குப் பொறுப்பு நிக்க ஏலா."

"மஜீட், உங்களுக்கு அது சுவர். எனக்கு, தண்ணி நிண்ட இடம் சீதேவிட கழுத்து உயரம்." சேர் வாசல் கேற்றைக் காட்டினார். "உங்கட வேலை முடிஞ்சுது. நாளைக்கு வர வேணாம்."

அவர் மறுநாளும் வந்தார். உள்ளே வரவில்லை. வேலிக்கு வெளியே சைக்கிளைப் பிடித்துக்கொண்டு மேற்குச் சுவரைப் பார்த்து நின்றார். அதற்கடுத்த நாளும். மழை பிடித்த பிறகு தலையில் ஒரு பொலித்தீன் பையைக் கட்டிக்கொண்டு நின்றார். போகிற வருகிற ஆட்கள் கேலி செய்தார்கள். "என்ன காக்கா, சுவருக்குக் காவலோ?" அவர் தலையாட்டுவார்.

வாவி ஏறிக்கொண்டிருந்தது. பின் வேலியின் அடிக்கட்டைகளைத் தண்ணீர் தொட்டது. மேற்கு அறைக் கதவு நிலையோடு சிக்கத் தொடங்கியது. தோளால் இடித்துத்தான் திறக்க வேண்டும். புதுப் பெயின்ற் முழங்கால் உயரத்தில் கொப்பளம் கொப்பளமாக ஊதியது. நான் ஒரு கொப்பளத்தை நகத்தால் குத்தினேன். தண்ணீர் வடிந்தது. வடிந்துகொண்டே இருந்தது.

அந்த அறையில்தான் சனி ஞாயிறு காலையில் ஆர்த்திகா டீச்சரின் புலமைப்பரிசில் பரீட்சை வகுப்பு. முப்பத்தொரு பிள்ளைகள். யன்னல் வெளிச்சத்துக்காக அவர்கள் உட்காரும் வாங்குகளை மேற்குச் சுவரோடு சேர்த்துப் போட்டிருந்தார்கள். பிள்ளைகள் சுவரில் முதுகைச் சாய்த்துக்கொண்டு வாய்ப்பாடு சொல்வார்கள். ஒரு நாள் டீச்சரிடம் சொல்ல வேண்டும் என்று காலையிலிருந்து வசனங்களை அடுக்கி வைத்திருந்தேன். வாய்க்கு வந்தது இவ்வளவுதான்:

"டீச்சர், அந்தப் பக்கம்... ஈரம்."

"இந்த மழைக்கு எந்தச் சுவர் ஈரமில்ல வினோஜன்?" என்று சிரித்துவிட்டுப் போனார்.

வெள்ளிக்கிழமை பகல் நான் அந்த அறையைக் கூட்டும்போது சுவர் ஓரத்தில் செந்தூளாக ஒரு சின்னக் குவியல் கிடந்தது. அள்ளிக் கொட்டினேன். அரை மணித்தியாலத்தில் அதே இடத்தில், அதே அளவில் இன்னொன்று. சுவரில் காதை வைத்தேன். உள்ளே, வெகு பொறுமையாக, யாரோ சுளகில் அரிசி புடைப்பது போல.

மழையில் வேலிக்கு ஓடினேன். "காக்கா, மணல் சிந்துது."

அவர் எதுவும் விசாரிக்கவில்லை. "நாளைக்குப் புள்ளையள் எத்தின மணிக்கு வாற?"

"எட்டுக்கு."

"திறப்பு?"

"என்னட்டத்தான். உங்களுக்குக் குடுக்கப்படாது எண்டு சேர் சொன்னவர்."

"பூட்டி வெச்சா இன்னொருத்தன் வந்து திறப்பான் தம்பி. நாங்க இத விழுத்தாட்டி, அது தன்ட நேரம் பாத்து விழும்." அவ்வளவுதான் சொன்னார். கையை வேலிக்கு மேலால் நீட்டினார். மழைத்தண்ணீர் அந்த உள்ளங்கையில் தேங்கியது. நான் திறப்புக் கொத்தை அதில் வைத்தேன்.

சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு அவரும் நஸீர் என்ற சாரதியும் லேண்ட்மாஸ்டர் உழவு யந்திரத்தில் மரங்கள் கொண்டு வந்தார்கள். மேற்கு அறையின் கூரை வளைக்குக் கீழே, சுவரிலிருந்து இரண்டடி தள்ளி, ஆறு முட்டுகள் நிறுத்தினார்கள். ஆறாவது நின்றதும் மஜீட் காக்கா நஸீரை வெளியே அனுப்பிவிட்டார். பிறகு உள்ளேயிருந்து சுத்தியல் சத்தம் கேட்டது. சீமெந்தை அடியிலிருந்து கழற்றத் தொடங்கியிருந்தார்.

ஆர்த்திகா டீச்சர் குடையோடு வந்தார். பின்னால் பிள்ளைகள். கேற்றில் நான் கையை விரித்துக்கொண்டு நின்றேன்.

"ஒருத்தரும் உள்ள போகேலாது!"

"என்ன வினோஜன், உங்களுக்குக் குரலும் இருக்கோ?" என்றவர் என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். பிள்ளைகளை எதிர்வீட்டு விறாந்தைக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

யாரோ சேருக்கு ஃபோனில் கோல் எடுத்துவிட்டார்கள். அவர் வீட்டில் கட்டியிருந்த சாரத்தோடு ஓடி வந்தார். "மஜீட்! ஆரக் கேட்டு உடைக்கிறீங்க? வெளியில வாங்க!"

"ஓம் சேர், வாறன்," என்று உள்ளேயிருந்து பதில் வந்தது. சுத்தியல் நிற்கவில்லை. எட்டரை இருக்கும். இரண்டு அடி, ஒரு இடைவெளி. இன்னும் இரண்டு அடி. பிறகு இடைவெளி மட்டும்.

சத்தம் பெரிதாக இல்லை. நெல் மூடை ஒன்றை முதுகிலிருந்து இறக்கி வைத்தது போல இருந்தது. மேற்குச் சுவரின் மேற்பாதி வாவிப் பக்கமாகக் கவிழ்ந்தது; அடிப்பாதி உள்ளே கொட்டுண்டு வாங்குகளை மூடியது. கூரை ஆறு முட்டுகளில் நின்றது. எதிர்வீட்டு விறாந்தையில் ஒரு பிள்ளை அழத் தொடங்கியது.

முதலில் உள்ளே ஓடியவர் நல்லரத்தினம் சேர்தான். முட்டிக்கால் போட்டு இரண்டு கையாலும் கல்லை அள்ளி எறிந்தார். நானும் நஸீரும் சேர்ந்துகொண்டோம். மஜீட் காக்கா சுவர் நின்ற இடத்துக்கும் முட்டுக்கும் நடுவில் கிடந்தார். கண் திறந்திருந்தது. வலது கை முழங்கையிலிருந்து சீமெந்துப் பாளத்துக்குக் கீழே இருந்தது.

"புள்ளையள்?" என்றார்.

"ஒண்டும் இல்ல. ஒருத்தருக்கும் ஒண்டும் இல்ல," என்றார் சேர். வெள்ளைத் தூள் படிந்த அவர் கன்னத்தில் கண்ணீர் கோடு விட்டிருந்தது.

முறிந்த கையின் எலும்புக்கு இரண்டு தகடு வைத்தார்கள். விரல்கள் மடங்கவில்லை. மேசன் கரண்டி இனிப் பிடிக்க முடியாது என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். அந்த வருடம் மார்கழி இருபத்தாறு அன்று சனம் விளக்குகளை முற்றத்தில், சுவர் இல்லாத அறைக்கு முன்னால் ஏற்றியது.

தை மாதம் நான் காத்தான்குடிக்கு அவரைப் பார்க்கப் போனேன். அவர் தூங்கிக்கொண்டிருந்தார். அவருடைய மனைவி பஹீமா தேத்தண்ணி கொண்டு வந்து வைத்தார். கேட்க நினைத்ததை இந்த முறை நான் கேட்டேன்.

"வேலையை விட்டு நிப்பாட்டினாப் பிறகும் ஏன் அங்க வந்து நிண்டவர்? அவர்ட கட்டடமும் இல்லையே."

பஹீமா அறைப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"உங்களுக்கிட்டயும் சொல்லலயா தம்பி? சுனாமி முடிஞ்சு மூணாம் மாசம், கட்டட வேலைக் கொந்தராத்துக்காரர் ஒருத்தரோட போய் அந்தச் சுவருக்குச் சீமெந்து பூசினது எங்கட மகள்ட வாப்பா, இவர்தான். அப்ப அவருக்கு இருபத்தி மூணு வயசு. சுவர் காயல்ல எண்டு கை வெச்சதும் தெரிஞ்சிட்டாம். ஊர்ச்சனம் வாசல்ல நிண்டு, தண்ணி நிண்ட அடையாளத்த மட்டும் கெதியா மூடித் தாங்க எண்டு அழுதிச்சாம். ஒரே நாள்ல மூடிக் குடுத்துட்டு வந்தாராம்."